மூங்கிற் குழலும் முரசும்

போர்க்களத்துக்கென ஆக்கப்பட்ட வாத்தியமொன்று, காலப்போக்கில் ஆட்டிறைச்சி விருந்தின் வாத்தியமாக மாறிய வரலாறு விந்தையானது. அவ்வரலாறு நிகழ்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள மிசிசிப்பி மாநிலம். அம்மாநிலத்தின் வடபுறத்தே, மெம்பிஸ் நகரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 40 மைல் தொலைவில், சிறு குன்றுகளும் வயல்களும் காடும் விரவிய நிலப்பரப்பொன்று உண்டு. செனற்றோபியா, கோமோ என்னும் சிற்றூர்களும், அவற்றின் அயலிலே கிறவல் ஸ்பிறிங்ஸ் என்னும் குக்கிராமமும் அங்கே இருக்கின்றன. குழலூதி முரசறையும் குழுக்களைக் கறுப்பின மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தார்கள். ஊரிலே விருந்துக்கும், பிற்காலத்திலே வெளி மேடைகளுக்குமாக வாசித்து வந்த அத்தகைய குழு ஒன்றைப் பற்றியே நேயர்கள் இப்பொழுது கேட்கப் போகின்றார்கள்.

முதலில் வாத்தியத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஆங்கிலத்திலே 'ஃபைஃப்' எனப்படும் குறுங்குழல், நமது புல்லாங்குழலைப் போலவே குறுக்காகப் பிடித்து ஊதப்படுவது. ஆயின் அது குட்டையானது, துளை ஒடுங்கியது, கூரிய, கிறீச்சிடும் குரலுடையது. இனிமையை நாடுவோர் அதனை அவ்வளவாக விரும்பார். அதனை விரும்பியவர்கள் படைத்தலைவர்கள். 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளிலே நீண்ட ஈட்டிகளைத் தாங்கி அணிவகுத்துச் சென்ற சுவிற்சலாந்து நாட்டுக் கூலிப்படையினர் குழலையும் முரசையும் முன்னே விட்டு நடந்தார்கள். அவர்களைக் கூலிக்கு அமர்த்திய அரசுகளும், அவர்களோடு பொருத அரசுகளும் அவ்வழக்கத்தைத் தாமும் மேற்கொண்டன. ஆயிரம் பேர் நடக்கும் ஆரவாரத்தினிடையே மனிதக் குரல் எட்டாது. முரசின் அதிர்வும் குழலின் கூர்மையும் எட்டும். துயிலெழுவதற்கு ஓர் அடி, உணவுப் பங்கு பெறுவதற்கு ஓர் அடி, இரவில் பாசறைக்குத் திரும்புவதற்கு ஓர் அடி எனப் படைவீரனின் ஒருநாள் வாழ்வு முழுவதும் அவ்வாத்தியங்களின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. அவற்றை வாசித்தவர்களுட் பலர், துவக்கு ஏந்தும் வயது வாராத சிறுவர்கள்.

ஆங்கிலேயர் அமெரிக்காவிலே குடியேற்றங்களை நிறுவியபோது இப்படை வழக்கமும் உடன் சென்றது. அங்கேதான் கறுப்பின மனிதன் கைக்கு முரசு வந்து சேருகின்றது. 18ஆம் நூற்றாண்டிலே வேர்ஜீனியாக் குடியேற்றத்தின் குடிப்படைச் சட்டங்கள், அடிமையல்லாத கறுப்பினத்தவர் படையிற் சேரலாம், ஆனால் ஆயுதம் தாங்காது முரசறைவோராகவும் எக்காளம் ஊதுவோராகவும் ஏவலாளராகவுமே பணியாற்றலாம் என விதித்தன. துவக்கைக் கொடுக்க அஞ்சியவர்கள் முரசைக் கொடுத்தார்கள். அதற்குத் தெற்கேயுள்ள தென் கரோலினாவிலே நிலைமை இதற்கு நேர்மாறாயிற்று. 1739ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஸ்ரோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, கொடி பிடித்து, முரசு முழக்கி நடந்தார்கள். முரசொலி கேட்டு வேறு தோட்டங்களின் அடிமைகளும் வந்து கூடினார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருத்தலாகாது எனத் தடுத்தது. ஒரே வாத்தியம் ஓரிடத்திலே ஆயுதமன்று என்னும் காரணத்தாற் கொடுக்கப்பட்டது. மற்றோரிடத்திலே ஆயுதத்துக்கு ஒப்பானது என்னும் காரணத்தாற் பறிக்கப்பட்டது. இவ்விரண்டாம் சட்டத்தை இயற்றியவர்களே முரசின் தன்மையை நன்கு உணர்ந்தவர்கள் எனல் வேண்டும்.

1861 முதல் 1865 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போரிலே, 1863ஆம் ஆண்டின் பின் வடபுலப் படையிற் கறுப்பினப் படைப்பிரிவுகள் பெருந்தொகையாக அமைக்கப்பட்டன. அவற்றிலும் குழலூதுவோரும் முரசறைவோரும் இருந்தார்கள். போர் முடிந்தது; அடிமைத்தனமும் சட்டத்தால் ஒழிந்தது. படைகள் காலக்கிரமத்தில் குழலைக் கைவிட்டு ஊதுகொம்பை ஏற்றன. ஆனால் ஜோர்ஜியா, தெனசி, மிசிசிப்பி ஆகிய மாநிலங்களின் நாட்டுப்புறங்களிலே விடுதலை பெற்ற மக்கள் குழலையும் முரசையும் தமது விருந்துகளுக்கும், கூட்டங்களுக்கும், சில இடங்களிற் பிரேத ஊர்வலங்களுக்கும் உரியனவாக்கிக் கொண்டார்கள்.

மிசிசிப்பிக் குன்றுநாட்டார் குழல் செய்யும் முறையை நாம் சற்று நின்று கவனித்தல் தகும். வட அமெரிக்காவுக்கே உரிய மூங்கிலினம் ஒன்று அங்கே ஆற்றங்கரைகளில் புதர்புதராக வளர்வது. நேரான கணு ஒன்றைத் தெரிந்து வெட்டுவார்கள். இரும்புக் கம்பியொன்றை அடுப்பிலே செந்தணலாகக் காய்ச்சி, மூங்கிலின் உள்ளே செலுத்தி நடுத்தடுப்பைச் சுட்டுத் துளைப்பார்கள். பின்னர் அதே கம்பியின் முனையால் வாய்த் துளையையும் விரற் துளைகளையும் ஒவ்வொன்றாகச் சுடுவார்கள். விரல் வைக்குமிடத்தைக் கொண்டே துளைகளின் இடைவெளி அளக்கப்படும். ஆகையால் ஒருவர் செய்த குழல் அவருடைய கையின் அளவாகவே அமையும். சுருதிப்பெட்டியோடு ஒத்து நில்லாது. சங்கீத வித்துவான் ஒருவர் இதைக் கேட்டு முகஞ் சுளிக்கலாம். ஆயினும் மூன்று முரசுகளுக்கு மேலே எழுந்து, திறந்த வெளியைக் கடந்து செல்லவேண்டிய குரல் அதற்கு உண்டு.

முரசுகள் மூன்று என்றோம். ஒன்று பெருமுரசு. மற்றவை கீழ்த்தோலிலே நரம்பு பூட்டிய சிறுமுரசுகள். அவற்றை அவ்வூரார் 'கெற்றில்' என்பார்கள். இவை யாவும் படைகளில் வழங்கியவையே, கடையிலே வாங்கத்தக்கவை. வாசிக்கும் முறைதான் வேறு. படைமுரசு இடக்கால் வலக்கால் என்று அளந்து கொடுப்பது. மிசிசிப்பிப் பெருமுரசோ அளவுக்கு முன்னும் பின்னுமாக விழுந்து, சிறுமுரசுகளோடு வாதாடிக்கொண்டே போகும். குழல் நீண்ட இராகம் எதனையும் வாசிப்பதில்லை. நான்கைந்து சுரங்களான சிறு தொடரொன்றை ஊதும், நிறுத்தும், அதனையே சிறிது மாற்றி மீண்டும் ஊதும். இடையிடையே குழலூதுபவர் வாயை எடுத்து ஓரடி பாடுவார், கூவுவார். அந்த இடைவெளியிலே முரசுகள் பேசும். தவிற் கச்சேரி கேட்டுப் பழகிய செவிக்கு இந்த இடைவெளியின் பயன் எளிதில் விளங்கும்.

இவ்விசைக்கு உரிய காலம் கோடை. பருத்திப் பயிரின் களைவேலை ஓய்ந்து, அறுவடை தொடங்குவதற்கு முன்னுள்ள நாட்களிலே யாரேனும் ஒரு குடியானவர் தமது வளவில் விருந்து வைப்பார். ஆடு அறுக்கப்படும்; குழியிலே நெருப்பு மூட்டி இரவு முழுவதும் இறைச்சி வாட்டப்படும். உறவினரும் அயலாரும், வேலை தேடி வடக்கு நகரங்களுக்குச் சென்று விடுமுறைக்கு வந்தவர்களும் கூடுவார்கள். பொழுது சாய்ந்ததும் குழுவினர் வளவைச் சுற்றி நடந்துகொண்டே வாசிப்பார்கள். மேடை கிடையாது, கேட்போர் வேறு, வாசிப்போர் வேறு என்ற பிரிவும் இல்லை. கூட்டம் குழுவின் பின்னே நடக்கும், ஆடும், ஆடுவோர் பெருமுரசின் முன்னே இடுப்பை வளைத்துக் குனிந்து அதற்கு மரியாதை செய்வதும் உண்டு. நிலத்தின் புழுதி எழுந்து முரசின் தோலிற் படியும். படைவீரனை வரிசையில் நிறுத்துவதற்கென உண்டான இசை, வரிசையைக் கலைத்து மனிதரை வட்டமாகச் சுழலச் செய்தது. இதனை அம்மக்களின் பெருஞ் சாதனை எனக் கூறுவது மிகையாகாது.

வெளியுலகம் இதனை அறிய நெடுங்காலம் சென்றது. 1942ஆம் ஆண்டிலே அலன் லோமக்ஸ் என்னும் நாட்டாரிசை ஆய்வாளர், அமெரிக்கக் காங்கிரசின் நூலகத்துக்காக ஒலிப்பதிவுக் கருவியோடு மிசிசிப்பிக்குச் சென்றார். அங்கே சிட் ஹெம்பில் என்னும் கண்பார்வையற்ற இசைவாணரைக் கண்டார். வயலினும் குழலும் முரசும் இன்னும் பல வாத்தியங்களும் வல்லவர் அவர். தமது குழுவோடு ஊரூராகச் சென்று விருந்துகளுக்கு வாசித்தவர். லோமக்ஸ் 1959ஆம் ஆண்டில் மறுபடியும் அப்பகுதிக்கு வந்தபோது, எட் யங், லொனி யங் என்னும் சகோதரரின் குழுவைக் கோமோவிலே பதிவு செய்தார். அடுத்த ஆண்டு நடந்தது குறிப்பிடத்தக்கது. வேர்ஜீனியாவின் பழைய தலைநகரான வில்லியம்ஸ்பேர்க்கிலே, 18ஆம் நூற்றாண்டு இசை வாழ்க்கையைக் காட்டும் திரைப்படமொன்றுக்காக எட் யங் அழைத்துச் செல்லப்பட்டார். அந்நகரிலே, 1958ஆம் ஆண்டு முதல், பழங்கால உடை தரித்து, பழைய படைநூல்களைக் கற்றுப் பிழையின்றி வாசிக்கும் குழலும் முரசுமான இளைஞர் குழு ஒன்று இயங்கி வருகின்றது. புத்தகத்தைப் பார்த்து மீட்டெடுக்கப்பட்ட மரபும், புத்தகமே இல்லாது கைமாறி வந்த மரபும் ஒரே நகரில் கால் வைத்த வேளை அது.

1960ஆம் ஆண்டுகளில் எட் யங் பெரிய நாட்டாரிசை விழாக்களிலும் வாசித்தார். ஆயின் ஊரிலே விருந்துகள் குறைந்துகொண்டே வந்தன. பருத்தி பறிக்கும் இயந்திரம் வந்தது; உழவு இயந்திரம் வந்தது; நூறு கைகள் செய்த வேலையைச் சில கைகள் செய்தன. மக்கள் சிக்காகோவுக்கும் மெம்பிசுக்கும் பெயர்ந்தார்கள். எஞ்சியவர்களின் ஓய்வு நேரத்தை இசைத்தட்டுப் பெட்டியும் வானொலியும் எடுத்துக்கொண்டன. இதனை வானொலிப் பேச்சொன்றிலே சொல்ல நேர்ந்தது சற்றே சங்கடமான காரியந்தான்.

இந்நிலையிலே குழலைக் கைவிடாதவர் ஒதா ரேணர் என்னும் குடியானவர். 1907ஆம் ஆண்டில் பிறந்த இவர், தமது பதினாறாவது வயதில், அயலவர் ஒருவர் ஊதக் கேட்டுக் குழலைக் கற்றவர். கோவேறு கழுதை பூட்டி உழுது, ஆடு மாடு வளர்த்து, கிறவல் ஸ்பிறிங்சிலே வாழ்ந்தார். இசை அவருக்குப் பிழைப்பாக இருந்ததில்லை. 1950ஆம் ஆண்டுகளில் தமது வளவிலே கோடை முடிவில் விருந்து வைக்கத் தொடங்கினார். செப்டெம்பர் மாதத்து முதலாவது திங்கட்கிழமை அமெரிக்காவிலே தொழிலாளர் தினம். அதனை அண்டிய நாட்களில் அவ்விருந்து நடக்கும். ஆட்டை அவரே அறுப்பார். நெருப்பருகே அவரே நிற்பார். பின்னர் குழலை எடுத்து ஊதிக்கொண்டு முன்னே நடப்பார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அயலாரும் முரசறைவார்கள். 'ரைசிங் ஸ்ரார்', அதாவது உதிக்கும் விண்மீன், என்பது குழுவின் பெயர். அக்காலத்திலே வேறு நல்ல குழலூதுவோரும் இருந்தார்கள். நெப்போலியன் ஸ்ரிக்லண்ட் அவர்களுள் ஒருவர். சிட் ஹெம்பிலின் பேர்த்தியான ஜெசி மே ஹெம்பில் ஆண்களோடு சரிநிகராக நின்று முரசறைந்தவர். ஆனால் ஆண்டுதோறும் தவறாது வளவைத் திறந்து வைத்தவர் ரேணரே. வாசிப்பவரைப் போலவே, வாசிக்க இடங் கொடுப்பவரும் ஒரு கலைக்கு இன்றியமையாதவர் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

1972ஆம் ஆண்டிலே வெளிவந்த சிறு விவரணப்படமொன்று அவர் குழல் செய்வதையும் விருந்தையும் காட்டிற்று. அதன் பின் குழுவை வெளியூர்களுக்கு அழைத்தார்கள். மெம்பிஸ் நகர விழாக்களும் தூர நகரங்களின் விழாக்களும் அவர்களைக் கண்டன. 1992ஆம் ஆண்டில் நாட்டார் கலைஞர்க்கு அமெரிக்க அரசு அளிக்கும் தேசிய மரபுரிமை விருது ரேணருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து. அவருடைய முதல் இசைத்தட்டு 1998ஆம் ஆண்டிலே, தொண்ணூறு வயது கடந்த பின் வெளியாயிற்று. விருந்தை நினைவூட்டும் வகையில் ஆட்டிறைச்சிக்காகக் கூவுவோரைக் குறிக்கும் பெயரே அதற்கு இடப்பட்டது.

வெளி மேடையிலே இவ்விசைக்கு நேர்வது என்ன என்பது சிந்திக்கத்தக்கது. மேடை உயரமானது, குழு அங்கே சுற்றி நடக்க இடமில்லை, கேட்போர் நாற்காலியில் அமர்ந்து முடிவிலே கைதட்டுவார்கள். நிகழ்ச்சிக்கு இருபது நிமிடம் என்று அளந்து கொடுப்பார்கள். ஊர் விருந்திலோ ஒரே தொடரை அரைமணி நேரம் வாசித்தாலும் எவரும் சலிப்பதில்லை. ஏனெனில் அங்கே எவரும் அதனைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதில்லை. மேடைக்கு வந்த குழு பொய்யானது என்று சொல்லுதல் தவறு. வெளியே கிடைத்த மதிப்பு ஊரிலே இளைஞர் சிலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வெளியூராரும், காலப்போக்கிலே பிற நாட்டாரும், வழி விசாரித்து விருந்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆயினும் வளவை இழந்து மேடையை மட்டும் பெற்றிருந்தால், எஞ்சியிருக்கக்கூடியது ஓர் அலங்காரமே. ரேணர் குழு மேடைக்குச் சென்றும் வளவுக்குத் திரும்பி வந்தது.

1999ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாவது இசைத்தட்டு மேற்கு ஆபிரிக்காவின் செனகல் நாட்டிசையை அக்கிராமத்திசையோடு இணைத்தது. செனகலிலிருந்து செனற்றோபியாவுக்கு என்பதே அதன் பெயர். செனகலின் கோரா என்னும் நரம்பு வாத்தியமும் மிசிசிப்பி மூங்கிற்குழலும் அதிலே உடன் ஒலித்தன. இதனைக் கேட்டு, மிசிசிப்பி முரசு ஆபிரிக்காவிலிருந்து மாறாது வந்தது எனச் சிலர் உணர்ச்சியோடு கூறுவர். அது வரலாற்றைக் குறுக்குவதாகும். முரசு ஐரோப்பியப் படையின் முரசு. குழல் பிடிக்கும் முறையும் அப்படையினுடையது. பல அடிகளை ஒன்றோடொன்று பின்னி வாசிக்கும் கையே ஆபிரிக்க மூதாதையரை நினைவூட்டுவது. எசமானனின் கருவியை எடுத்துத் தம் கைக்குப் பழக்கிய மக்களின் பெருமை, மாறாது வந்தது என்று சொல்வதாற் கூடிவிடாது, குறைந்தே போகும்.

மற்றொரு விந்தையும் நிகழ்ந்தது. 2002ஆம் ஆண்டில் மார்ட்டின் ஸ்கோர்செசி இயக்கிய 'கேங்ஸ் ஒஃப் நியூ யோர்க்' என்னும் திரைப்படத்தின் தொடக்கத்திலே, 1846ஆம் ஆண்டில் அந்நகரின் இரு கூட்டத்தார் கத்தியும் கோடரியும் ஏந்திப் போருக்குச் செல்லும் காட்சி வருகின்றது. அதற்குப் பின்னணியாக ஒலிப்பது ரேணர் குழுவின் வாசிப்பு. மிசிசிப்பிக் குடியானவர்கள் போரிலிருந்து மீட்டு விருந்துக்குக் கொண்டுவந்த குழல், திரையிலே மறுபடியும் போருக்கு நடந்தது. உலகமெங்கும் அதைக் கேட்ட கோடிக்கணக்கானோருட் பெரும்பாலோர், அது ஓர் ஆட்டு விருந்தின் இசை என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

அப்படம் வெளிவந்து சில மாதங்களில், 2003ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியிலே, ஒதா ரேணர் காலமானார். அவருடைய மகள் பேர்னிஸ் ரேணர் பிராச்சர், குழுவின் காரியங்களைப் பொறுப்பேற்று நடத்தி, முரசும் அறைந்து வந்தவர். தந்தைக்குப் பின் குழுவைத் தாங்குவார் என எதிர்பார்க்கப்பட்டவர் அவரே. புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்த அவரும், தந்தை இறந்த அதே நாளில் உயிர் நீத்தார். தொண்ணூறு கடந்த கிழவரின் மரணத்தை ஊர் எதிர்பார்த்திருக்கலாம். ஒரே நாளில் வேரும் கிளையும் சாய்ந்ததை எதிர்பார்த்தவர் எவர்?

கோமோவிலே இருவருக்கும் ஒன்றாகவே இறுதிச் சடங்கு நடைபெற்றது. பிரேத ஊர்வலத்தின் முன்னே முரசுகள் சென்றன. குழல் யாரிடம் இருந்தது? ஷார்டே தோமஸ் என்னும் பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியிடம். ரேணரின் பேர்த்தி அவர். மிகச் சிறுவயதிலேயே பாட்டனாரின் மூங்கிற்குழலை எடுத்து ஊதிப் பார்க்கத் தொடங்கி, அவரிடமே கற்றுக்கொண்டவர். குழலூதுதல் தலைமுறைகளாகப் பெரும்பாலும் ஆண்களின் காரியமாகவே இருந்து வந்தது. முதியவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தம்மிடம் கற்க விரும்பி வந்த பிள்ளைக்குக் கற்பித்தார், அவ்வளவே. பாட்டனாரையும் குழுவை நடத்தியவரையும் ஒருங்கே இழந்த துயரத்தினிடையே, மூச்சைக் கட்டுப்படுத்தி, அச்சிறுமி கல்லறைவரை ஊதிக்கொண்டு நடந்தார். அழுகை வந்தால் குழல் பேசாது என்பதைக் குழல் ஊதிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அதன் பின் குழு அவருடையதாயிற்று. கோரி ஹரிஸ் என்னும் இசைவாணர் மிசிசிப்பியையும் ஆபிரிக்காவின் மாலி நாட்டையும் இணைத்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தட்டிலே, ரேணர் வாசிக்க இருந்த இடத்தைப் பேர்த்தியே நிரப்பினார். 2010ஆம் ஆண்டில் அவர் தம் குழுவோடு தனி இசைத்தட்டொன்றும் வெளியிட்டார். அவர் பாட்டனாரை அப்படியே படியெடுப்பவரல்லர். தாமே பாடல்கள் இயற்றுகின்றார். இக்கால இசையின் போக்குகளைக் குழலோடு கலந்து பார்க்கின்றார். பழைமை விரும்பிகளுக்கு இது உவப்பாக இராது. ஆனால் படைநடையைப் புரட்டி ஆட்டமாக்கிய மூதாதையரின் வழியில் வந்தவரைப் பார்த்து, எதனையும் மாற்றாதே என்று எவ்வாறு சொல்வது?

ரேணரோடு இளமையிலே முரசறைந்தவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றார்கள். கோமோவைச் சேர்ந்த ஆர். எல். பொய்ஸ், கிற்றார் வாசிப்பிலும் புகழ்பெற்றவர், தேசிய மரபுரிமை விருது பெற்ற 2023ஆம் ஆண்டிலேயே காலமானார். வாத்தியத்தைக் கடையிலே வாங்கலாம். இசையைத் தட்டிலே கேட்கலாம். பெருமுரசு அடிக்கு முந்தி விழுவது எங்கே, பிந்தி விழுவது எங்கே என்பதை அருகிலே நின்று பார்த்துத்தான் பழகவேண்டும்.

பாட்டனார் தொடங்கிய ஆட்டு விருந்தையும் ஷார்டே தோமஸ் தொடர்ந்து நடத்தி வருகின்றார். கோடை முடிவிலே நெருப்பு மூட்டப்படுகின்றது; உறவினரோடு தூர நாட்டாரும் வந்து புழுதியிலே நிற்கின்றார்கள். பொழுது சாய்ந்ததும் மூங்கிற் குழலின் சிறு தொடரொன்று தனியே எழுகின்றது. சிறுமுரசுகள் அதனோடு சேருகின்றன. பெருமுரசு கடைசியாக வந்து விழுகின்றது. கூட்டம் நகரத் தொடங்குகின்றது.